தை அமாவாசைக்குக் காசி ரயில்: இரண்டாம் இரவுக்கான ஆயத்தம்

யாழ்ப்பாணத்திலிருந்து காசிக்குப் புறப்படுகிறவர்களில் அனேகர் ஒரு திதியை மனதில் வைத்தே புறப்படுகிறார்கள். தாய் தகப்பனுக்குக் கங்கைக் கரையில் பிண்டம் போட வேண்டும், அதுவும் தை அமாவாசையில் போட வேண்டும் என்று பல வருடம் காத்திருந்து போகிற பயணம் அது. அந்த அமாவாசை வருவது ஜனவரி நடுவுக்கும் பெப்ரவரி நடுவுக்கும் இடையில். வட இந்தியாவில் கூதலும் மூடுபனியும் உச்சத்தில் நிற்கிற வாரங்களும் அவைதான்.

பலாலியிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ விமானத்தில் போய் இறங்குவது சின்ன வேலை. அதற்குப் பிறகு சென்னையிலிருந்து காசிக்கு 2,100 கிலோமீற்றருக்கு மேல் ரயில். நேரத்துக்கு ஓடினாலே இரண்டு இரவும் நடுவில் ஒரு முழுப் பகலும் படுக்கைப் பெட்டியில் கழியும். அந்த நேரத்தில் எங்கள் முதியவர்கள் படுகிற பாட்டில் பெரும்பகுதி, ரயிலில் ஏற முன்பே தீர்மானமாகிவிடுகிறது. எந்த வகுப்பு, எந்தப் படுக்கை, திதிக்கு முன்னால் கையில் எத்தனை நாள் என்ற மூன்றும் சரியாக இருந்தால் மிச்சத்தைச் சமாளிக்கலாம். இந்த மூன்றில் ஒன்று பிழைத்தாலும் ரயிலுக்குள் வைத்துத் திருத்துவது கஷ்டம்.

முந்தின தலைமுறைக்கு இந்தப் பயணம் முழுவதும் தரையும் கடலுமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்துத் தனுஷ்கோடியில் மறுபடி ரயில் ஏறுவார்கள். 1914இல் தொடங்கிய அந்த இணைப்பை 1964 டிசெம்பர் புயல் தனுஷ்கோடியோடு சேர்த்து அழித்தது. இராமேசுவரத்து மண்ணைக் கொண்டுபோய்க் கங்கையில் கரைத்து, கங்கை நீரை இராமேசுவரத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் மட்டும் இன்றும் நிற்கிறது. அதைச் செய்ய நினைப்பவர்களுக்கு இராமேசுவரத்திலிருந்து காசியிலுள்ள பனாரஸ் நிலையத்துக்கு வாரம் ஒரு நேரடி ரயில் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து பனாரஸ் போகும் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸும் வாரம் ஒன்று. திருச்சியில் இறங்குபவர்களுக்கு அது வசதி. சென்னை சென்ட்ரலிலிருந்து பலருக்கும் பழகிய வண்டி கங்கா காவேரி எக்ஸ்பிரஸ். அது வாரம் இரண்டு நாள் ஓடும்.

இரண்டு இரவும் ஒன்றல்ல

யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அரிது. வாரணாசியில் ஜனவரி இரவுகள் 8, 9 பாகையில் நிற்கும். குளிரலை வந்தால் 5 பாகைக்கும் கீழே இறங்கும். ஆனால் ஆளை மடக்குவது இந்த எண் மட்டுமல்ல. வீட்டுக்குள் 8 பாகையில் ஒரு நல்ல போர்வை போதும். மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடும் பெட்டியில் யன்னல் இடுக்கு விரலளவு திறந்திருந்தாலும், அதால் வரும் காற்று உடம்பைச் சுற்றியிருக்கிற சூட்டை நிமிடத்துக்கு நிமிடம் எடுத்துக்கொண்டு போகும். எட்டு மணி நேரம் அப்படிப் படுத்திருப்பவருக்கு அடுத்த நாள் தடிமனும் கை கால் பிடிப்பும் வருவதில் ஆச்சரியமில்லை.

ஏமாற்றுவது முதல் இரவு. சென்னையை விட்டுக் கூடூர், விஜயவாடா என்று ஆந்திரத்துக்குள் போகும்போது மின்விசிறி தேவைப்படும். "இவ்வளவுதானோ குளிர்" என்று கம்பளியைப் பெட்டியின் அடியில் தள்ளிவிடுவார்கள். அடுத்த நாள் நாக்பூரைத் தாண்டும்வரை வெயில் இதமாகவே இருக்கும். இட்டார்சியை விட்டு நர்மதைப் பள்ளத்தாக்கு வழியே ஜபல்பூரை நோக்கிப் போகும்போது பொழுது சாயும். வெப்பநிலை இறங்குவது அப்போது தெரியும். ஜபல்பூர், சத்னா, பிரயாக்ராஜ் வழியாகக் காசியை அடைகிற அந்த இரண்டாம் இரவுக்குத்தான் ஆயத்தம் வேண்டும். ஆகவே குளிர்ச் சாமான் எல்லாவற்றையும் ஒரு தனிப் பையில் போட்டு, இரண்டாம் நாள் பின்னேரம் நாலு மணிக்கு முன்பே கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். இருட்டிய பிறகு, நிறைந்த பெட்டியில், கீழே படுத்திருப்பவரை எழுப்பிச் சூட்கேஸை இழுக்க முடியாது.

குளிர் உடுப்பைக் காசியில் மலிவாக வாங்கலாம் என்று சிலர் வெறுங்கையோடு போகிறார்கள். கோதௌலியாக் கடைகளில் மலிவு என்பது உண்மை. ஆனால் அது தேவைப்படுவது காசிக்கு முந்தின இரவில்.

படுக்கை இலக்கத்தில் இருக்கிற விஷயம்

ஸ்லீப்பர் வகுப்பில் குளிரூட்டியும் இல்லை, சூடாக்கியும் இல்லை, போர்வை தலையணியும் தரமாட்டார்கள். பழைய வகைப் பெட்டியில் 72 படுக்கை, புதிய எல்.எச்.பி. பெட்டியில் 80. எந்தப் பெட்டியானாலும் எட்டெட்டாக ஒரு தடுப்பு. 1 கீழ், 2 நடு, 3 மேல், எதிரே 4 கீழ், 5 நடு, 6 மேல், நடைபாதைக்கு அப்பால் 7 பக்கக் கீழ், 8 பக்க மேல். 9இலிருந்து அதே கணக்குத் திரும்பும். உங்கள் இலக்கத்தை எட்டால் வகுத்து மீதியைப் பார்த்தால் எந்தப் படுக்கை என்று தெரிந்துவிடும். மீதி இல்லையென்றால் பக்க மேல்.

குளிர்காலத்தில் மிக மோசமானது பக்கக் கீழ்ப் படுக்கை. மற்றப் படுக்கைகளில் ஆளின் ஒரு முனை மட்டும் யன்னல் பக்கம் இருக்கும். இதில் தலை முதல் கால்வரை உடம்பு முழுவதும் யன்னல் ஓரமாகக் கிடக்கும். நீளமும் குறைவு. இரண்டு இருக்கைகளை மடித்துச் சேர்த்த படுக்கை என்பதால் நடுவில் ஒரு பிளவும் இருக்கும். ஆர்.ஏ.சி. சீட்டு (யாராவது இரத்துச் செய்தால்தான் முழுப் படுக்கை கிடைக்கும் சீட்டு) என்றால் இதே படுக்கையில் இரண்டு பேர் குந்தியிருந்து இரவைக் கழிக்க வேண்டும். ஆர்.ஏ.சி. சீட்டு கிடைத்ததும் "இடம் கிடைத்துவிட்டது" என்று ஆறுதல் அடைபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மேல் படுக்கைக்கு யன்னல் இல்லை. கீழே இருக்கிறவர்களின் மூச்சும் உடற்சூடும் மேலே சேரும். ஏற இறங்கக்கூடியவருக்குக் குளிரில் அதுதான் நல்லது. முழங்கால் வலிக்காரர் ஏற முடியாது. அவர்களுக்குக் கீழ்ப் படுக்கைதான், ஆனால் தலையை நடைபாதைப் பக்கமும் காலை யன்னல் பக்கமும் வைத்துப் படுக்க வேண்டும். காலை மேஸும் கம்பளியும் போட்டு மூடலாம். முகத்தை அப்படி மூட முடியாது. தலைமாட்டில் ஆட்கள் நடப்பார்கள், பையைத் தலைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு தொந்தரவும் காதுக்குள் குளிர்காற்று போவதைவிடச் சிறிது.

பெட்டியின் இரண்டு அந்தத்திலும் இருக்கிற தடுப்புகளைத் தவிர்க்கலாம். கதவு திறக்கும்போதெல்லாம் காற்று நேரே அங்கேதான் அடிக்கும், மலசலகூட வாடையும் வரும். 25 முதல் 48 வரையான இலக்கங்கள் நடுப்பகுதி. கம்பிகள் கழன்று வருமாறு அமைத்த அவசர யன்னல் இருக்கிற தடுப்பிலும் இடுக்கு கூடுதலாக இருப்பது வழமை.

60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் 45ஐக் கடந்த பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கு ஒரு ஒதுக்கீடு உண்டு. தனியாகவோ இருவராகவோ முன்பதிவு செய்தால்தான் அது பொருந்தும். ஏழெட்டுப் பேர் குடும்பமாக ஒரே சீட்டில் பதிவு செய்து, பிறகு அம்மாவுக்கு மேல் படுக்கை விழுந்துவிட்டது என்று பெட்டிக்குள் ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சுவதற்குக் காரணம் இதுதான். அப்பா அம்மா இருவருக்கும் தனிச் சீட்டாகப் பதிவு செய்யுங்கள்.

யன்னல், சங்கிலி, படுக்கை

பழைய வகைப் பெட்டியில் ஒவ்வொரு யன்னலுக்கும் இரண்டு அடைப்பு இருக்கும்: ஒன்று கண்ணாடி, மற்றது பட்டை பட்டையான உலோகத் தட்டி. பலர் கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டுப் படுப்பார்கள். இரண்டையும் இறக்குங்கள். அடைப்பின் இரு பக்கக் கொளுக்கியும் "டக்" என்று விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அடைப்பு சரிந்து, மறுபக்க மூலையில் முக்கோணமாக ஒரு இடுக்கு நிற்கும். இரவு முழுவதும் ஊளையிடுவது அந்த மூலைதான். பழைய பேப்பரை நீளமாக உருட்டி, அடைப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் கத்திப்பிடியாலோ கரண்டிக் காம்பாலோ அழுத்திச் செருகினால் காற்று நிற்கும். நான்கைந்து முழுத் தாள் போதும். பிளாஸ்டர் ரேப் ஒட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. தூசியும் ஈரமும் இருக்கிற உலோகத்தில் அது ஒரு மணி நேரத்தில் கழன்றுவிடும். வேலையை வெளிச்சம் இருக்கும்போதே செய்யுங்கள்.

நடுப் படுக்கை பகலில் முதுகு சாய்கிற பலகையாகத் தொங்கும். இரவு 10 முதல் காலை 6 வரை அதை நிமிர்த்தலாம் என்பது விதி. நிமிர்த்தும்போது மேல் படுக்கையிலிருந்து வரும் சங்கிலியின் கொளுக்கி இரு பக்கமும் வளையத்துக்குள் முழுவதுமாக இறங்க வேண்டும். இறங்கிய பிறகு, ஆள் ஏற முன், படுக்கையின் ஓரத்தைப் பிடித்துக் கீழ்நோக்கி இரண்டு முறை பலமாக இழுத்துப் பாருங்கள். 2024 ஜூனில் ஓடும் ரயிலில் மேலிருந்த படுக்கை விழுந்து கீழே படுத்திருந்த ஒருவர் உயிரிழந்தார். சங்கிலி சரியாக மாட்டப்படாததே காரணம் என்று இந்திய ரயில்வே சொன்னது. கீழே படுப்பது உங்கள் தகப்பனாராக இருந்தால், மேலே ஏறுகிறவர் யார் என்றாலும் கொளுக்கியை நீங்களே பார்த்துவிடுங்கள்.

படுக்கையின் மேல் இருப்பது றெக்சின். கூதலில் அது தகரம் போல் குளிரும். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் மேலே போர்க்க இரண்டு கம்பளி கொண்டுபோவார்கள், கீழே விரிக்க ஒன்றும் இருக்காது. உடம்பு அழுத்துகிற இடத்தில் கம்பளி நசிந்துவிடும், சூடு கீழ்வழியே றெக்சினுக்குள் இறங்கும். ஆகையால் இரண்டு கம்பளி இருந்தால் ஒன்றை நாலாய் மடித்துக் கீழே போடுங்கள். உடற்பயிற்சிக்கு விரிக்கும் மெல்லிய றப்பர் பாய் இருந்தால் இன்னும் நல்லது. எடையும் இல்லை. மேல் கம்பளியைக் காலடியில் உள்ளே மடித்து, இரு பக்கமும் உடம்புக்குக் கீழே செருகிக் கொழுக்கட்டைபோல் மூடிவிட வேண்டும்.

உடுப்பில் தடிப்பைவிட அடுக்கு முக்கியம். உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை மேலுக்கும் காலுக்கும், அதன்மேல் சாதாரணச் சட்டை, அதற்குமேல் ஸ்வெற்றர். காதையும் கழுத்தையும் மூடுகிற குரங்குத் தொப்பி ஒன்று. ஆண்கள் காற்சட்டைக்கு மேலே சாரத்தையும் கட்டிக்கொள்ளலாம், அது ஒரு நல்ல காற்றடைப்பு. மேஸ் மூன்று சோடி வேண்டும். மலசலகூடத் தரை எப்போதும் ஈரம். நனைந்த மேஸ் அந்தக் குளிரில் காயாது, நனைந்த காலோடு படுத்தவருக்கு நித்திரையும் வராது. சப்பாத்தைக் கழற்றி வைப்பதானால் படுக்கைக்குக் கீழே உள்சுவரோரமாகத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் காலையில் வேறு தடுப்பில் தேட வேண்டிவரும்.

குளிரூட்டிப் பெட்டி பற்றி

குளிர்காலத்தில் ஏ.சி. எதற்கு என்று கேட்டு ஸ்லீப்பர் எடுப்பவர்கள் பலர். யன்னல் மூடியே இருப்பதுதான் அந்தப் பெட்டியின் பெரிய நன்மை. காற்றும் புகையும் உள்ளே வராது, குளிர் நாட்களில் உள்ளே செல்லும் காற்றைச் சற்றுச் சூடாக்கவும் வசதி உண்டு. இரண்டு விரிப்பு, ஒரு கம்பளி, தலையணி தருவார்கள். விரிப்பு ஒவ்வொரு முறையும் துவைத்து வரும். கம்பளி மாதத்துக்கு ஒரு முறையேனும் துவைக்கப்படும் என்று 2024இல் இந்திய நாடாளுமன்றத்தில் அமைச்சர் சொன்னார். ஆகவே ஒரு விரிப்பைக் கீழேயும் மற்றதை உங்களுக்கும் கம்பளிக்கும் நடுவிலும் போடுங்கள்.

60ஐத் தாண்டியவர், இழுப்பு நோய் உள்ளவர், இதய நோயாளர் எவரானாலும் இந்தப் பயணத்துக்கு மூன்றடுக்கு ஏ.சி.க்குக் குறைவாக எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. காசு மட்டுமே காரணமென்றால் வேறு எங்காவது குறைத்துக்கொள்ளுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் தை அமாவாசைதான் வடக்கே மௌனி அமாவாசை. பிரயாக்ராஜ் சங்கமத்தில் வருடந்தோறும் நடக்கும் மாக மேளாவின் மிகப் பெரிய நீராடல் நாள் அது. அதையொட்டிய நாட்களில் ஜபல்பூருக்கு அப்பால் முன்பதிவில்லாத யாத்திரிகர்கள் ஸ்லீப்பர் பெட்டிக்குள் நிறைந்துவிடுவார்கள். அவர்களும் கங்கைக்குப் போகிறவர்கள்தான், கோபிக்க ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கீழ்ப் படுக்கையில் ஐந்து பேர் இருப்பார்கள், நடைபாதையில் பாய் விரித்திருப்பார்கள், மலசலகூடம் போய்வர அரை மணி நேரம் எடுக்கும்.

மூடுபனி ஏன் பத்து மணி நேரத்தைத் தின்கிறது

மூடுபனி என்பது தரையோடு படுத்துவிட்ட மேகம். கங்கைச் சமவெளியில் ஆறும் கால்வாயும் நீர் பாய்ச்சிய கோதுமை வயலும் ஈரத்தைக் கொடுக்கின்றன. மேகமில்லாத நீண்ட இரவில் தரை வேகமாகச் சூட்டை இழக்கிறது, அதன்மேல் இருக்கிற காற்றும் குளிர்ந்து ஈரம் துளியாகிறது. காற்று அசையாமல் நிற்பதால் அது கலைவதில்லை. புகையும் தூசியும் நிறைந்த சமவெளி என்பதால் துளி பிடிக்கத் துகளுக்குக் குறைவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு தடித்து, விடியும் வேளையில் உச்சமாகி, வெயில் ஏறத்தான் கலையும். சில நாட்களில் பகல் முழுவதும் கலையாது.

அடர்ந்த மூடுபனியில் ஐம்பது மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாது. 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் எடுக்கும். சைகை விளக்கைக் கண்டபின் பிரேக் பிடித்தால் பயனில்லை என்பது வெளிப்படை. அதனால் ஓட்டுநருக்கு ஜி.பி.எஸ். கருவி கொடுத்திருக்கிறார்கள். பாதையிலுள்ள சைகைகளின் இடங்கள் அதில் பதிந்திருக்கும், அடுத்த சைகை கிட்ட வருவதை அது குரலாலும் திரையாலும் சொல்லும். சைகையின் நிறத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அந்தக் கருவி இருந்தால் 75 கிலோமீற்றர்வரை ஓடலாம், முன்பு வரம்பு 60.

இன்னொரு பழைய முறையும் நடப்பில் இருக்கிறது. சைகைக்கு 270 மீற்றர் முன்னால் தண்டவாளத்தின் மேல் பத்து மீற்றர் இடைவெளியில் இரண்டு வெடிகளைப் பணியாளர் கட்டி வைப்பார். எஞ்சின் சக்கரம் ஏறும்போது அவை வெடிக்கும், சைகை வருகிறது என்று ஓட்டுநர் அறிந்துகொள்வார். இதை உங்களோடு வரும் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எறிகணைக் காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். நடுச்சாமத்தில், இருட்டில், அறியாத ஊரில் அடுத்தடுத்து இரண்டு வெடிச்சத்தம் கேட்டால் அம்மாவுக்கு நெஞ்சு என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். "அது சிக்னலுக்குப் போடுற வெடி" என்று ஒரு வசனம் முதலே சொல்லியிருந்தால் போதும்.

இப்போது கணக்குப் பார்ப்போம். மூடுபனி 200 கிலோமீற்றருக்கு இருக்கிறது என்று வையுங்கள். 110 கிலோமீற்றரில் ஓடினால் அது ஒரு மணி 50 நிமிடம். 75இல் ஓடினால் இரண்டு மணி 40 நிமிடம். வித்தியாசம் 50 நிமிடம்தான். பிறகு எப்படிப் பத்து மணித்தியாலம் பிந்துகிறது? ரயில் பாதையில் ஒரு துண்டில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் போகிற வண்டி மெதுவானால் பின்னால் வருவது நிற்க வேண்டும், அதன் பின்னால் வருவதும் நிற்க வேண்டும். பிரயாக்ராஜுக்கும் காசிக்கு அக்கரையிலுள்ள தீனதயாள் உபாத்யாய சந்திப்புக்கும் இடையிலான பாதை நாட்டிலேயே நெருக்கடி மிகுந்தவற்றில் ஒன்று, அங்கே வண்டிகளுக்கிடையில் ஏற்கனவே இடைவெளி இல்லை. நேரம் தவறிய வண்டிக்கு நிலையத்தில் மேடையும் காலியாக இருக்காது. ஓட்டுநரின் பணி நேரம் முடிந்தால் மாற்று ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படித்தான் ஐம்பது நிமிடம் அரை நாளாகிறது.

கடுங்குளிர் தண்டவாளத்தையும் விடாது. உருக்கு ஒரு பாகை குளிரும்போது ஒரு கிலோமீற்றருக்கு 11 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் சுருங்க முடியாதபடி கட்டைகளோடு பிணைத்திருப்பதால், அந்தச் சுருக்கம் முழுவதும் உள்ளே இழுவிசையாக நிற்கும். பழைய கீறல் ஒன்று இருந்தால் விடியற்காலையில் அங்கே முறியும். இதற்காகவே குளிர்கால இரவுகளில் பணியாளர்கள் கையில் விளக்கோடு பாதை முழுவதும் நடந்து பார்க்கிறார்கள். உங்கள் ரயில் காரணமில்லாமல் காட்டு நடுவில் நிற்பதாகத் தோன்றும் சில நேரங்களில், அந்த நடையில் ஒருவர் முறிவைக் கண்டிருப்பார்.

தாமதம் சென்னையிலேயே தொடங்கலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. வடக்கிலிருந்து வந்த பெட்டித்தொடரைத்தான் கழுவித் துடைத்துத் திரும்ப வடக்கே அனுப்புகிறார்கள். வருகிற வண்டி பத்து மணித்தியாலம் பிந்தினால் போகிற வண்டியும் பிந்தும். ஆகவே பயண நாளுக்கு முதல் நாளே, உங்கள் ரயிலின் இணை ரயில் எங்கே நிற்கிறது என்று ரயில் நிற்குமிடத்தைக் காட்டும் இந்திய ரயில்வேயின் என்.ரி.ஈ.எஸ். செயலியில் பாருங்கள். இந்தியத் தொலைபேசி இலக்கம் இருந்தால் ரயில்வே விசாரணை இலக்கமான 139ஐயும் அழைக்கலாம். ஏறும் நிலையத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி, நீங்கள் போகாமல் விட முடிவெடுத்தால் முழுப் பணமும் திரும்பும். ரயில் உண்மையில் புறப்பட முன்பே டி.டி.ஆர். என்ற பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிய வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி முடிவுவரை சில ரயில்களை முன்கூட்டியே இரத்துச் செய்தும் நாட்களைக் குறைத்தும் பட்டியல் வெளியிடுவார்கள். பதிவு செய்ய முன் அதைப் பார்ப்பது நல்லது.

ஆக, அமாவாசைக்கு முதல் நாள் காலை காசியில் இறங்கும் ரயிலில் இடம் எடுப்பது சூதாட்டம். குறைந்தது இரண்டு முழு நாள் முன்னால் இறங்குமாறு எடுங்கள். மூன்று என்றால் மனம் நிம்மதி. ரயில்வே சீட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தாலும், தவறிய திதியைத் திருப்பித் தராது. திரும்பும் வழியிலும் சென்னை விமானத்துக்கும் ரயில் சேரும் நேரத்துக்கும் நடுவில் ஒரு முழு நாளாவது விடுங்கள். காங்கேசன்துறைக் கப்பலை இந்தக் காலத்தில் நம்பித் திட்டமிட வேண்டாம், வாடைக்காற்றுக் கடலில் அது நின்றுவிடும். சென்னையிலிருந்து காசிக்கு விமானத்தில் போவோம் என்றாலும் மூடுபனி அங்கேயும் இருக்கிறது. காலை விமானத்தைவிடப் பின்னேர விமானம் பாதுகாப்பு.

சீட்டு

பொது முன்பதிவு 2024 நவம்பர் முதல் பயணத்துக்கு 60 நாளுக்கு முன் திறக்கிறது. முன்பு 120 நாள். எங்களுக்கு இடைஞ்சலானது தட்கல் என்ற கடைசி நேர முன்பதிவு. பயணத்துக்கு முதல் நாள் ஏ.சி.க்குக் காலை 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும் அந்தச் சீட்டை இணையத்தில் எடுக்க 2025 ஜூலையிலிருந்து ஆதார் (இந்தியாவின் அடையாள இலக்கம்) சரிபார்ப்பு வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு அது இல்லை. கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற வழி அடைபட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, சில ரயில்களின் உயர் வகுப்புகளில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒதுக்கீடு உண்டு. பொது முன்பதிவு திறக்க வெகு முன்னரே அதில் எடுக்கலாம். காத்திருப்புப் பட்டியலில் நிற்கும் சீட்டோடு படுக்கைப் பெட்டியில் ஏற முடியாது. சீட்டிலுள்ள பெயர் கடவுச்சீட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். மூலக் கடவுச்சீட்டை உடம்போடு வைத்திருங்கள், பரிசோதகர் அதைத்தான் கேட்பார்.

சாப்பாடும் மருந்தும்

அட்டவணைப்படி ஐந்து வேளைச் சாப்பாடு. எட்டு வேளைக்குக் கட்டுங்கள். மூடுபனியில் நிற்கும் ரயிலுக்குள் விற்பனைக்காரர் வரமாட்டார், சமையல் பெட்டி இருந்தாலும் பொருள் தீர்ந்துவிடும். புட்டும் தேங்காய்ச் சம்பலும் முதல் இரவு ஆந்திரச் சூட்டிலேயே பழுதாகிவிடும். வறுத்து இடித்த இடிச்சம்பலும் பாணும் இரண்டாம் நாள்வரை தாங்கும். பருத்தித்துறை வடை, பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை எல்லாம் ஒரு கிழமைக்கு அசையாது. பல் உறுதியானவருக்குப் புழுக்கொடியல். மல்லி, வேர்க்கொம்பு, மிளகு சேர்த்து வறுத்து இடித்த தூள் நூறு கிராம் கொண்டுபோங்கள். இட்டார்சியில் ஒரு லீற்றர் பிளாஸ்கில் சுடுதண்ணீர் வாங்கி நிரப்பினால் இரவு முழுவதும் மல்லிக்கோப்பி.

கேத்தில் கொண்டுபோக வேண்டாம். பெட்டியிலுள்ள செருகி கைத்தொலைபேசிக்கு மட்டும் தாங்கும், அதில் தண்ணீர் கொதிக்க வைப்பது தடை. எரிவாயு அடுப்பு, மண்ணெண்ணெய், சாம்பிராணிச் சட்டி ஒன்றும் ஏற்றக் கூடாது. 2023 ஓகஸ்ட் 26இல் மதுரையில் நிறுத்தியிருந்த யாத்திரைப் பெட்டி ஒன்று, உள்ளே கொண்டுவந்த எரிவாயு உருளையால் எரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்கள் வடக்கிலிருந்து இராமேசுவரத்துக்கு யாத்திரை வந்தவர்கள்.

குளிரில் தாகம் தெரியாது. இரவில் மலசலகூடம் போகப் பயந்து முதியவர்கள் தண்ணீரைக் குறைப்பார்கள், அடுத்த நாள் தலைச்சுற்றும் மலச்சிக்கலும். பகலில் நன்றாகக் குடிக்கக் கொடுத்து, இரவு எட்டுக்குப் பிறகு குறைத்தால் போதும். பிரஷர், சீனி வருத்த மருந்துகளை நான்கு நாளுக்குரிய அளவு கைப்பையில் வையுங்கள். இழுப்பு உள்ளவருக்கு பம்ப் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். சமவெளி மூடுபனியில் புகையும் கலந்திருப்பதால் முகக்கவசமும் உதவும். கைத்தொலைபேசியைப் பகலிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள், இரவு 11 முதல் காலை 5 வரை செருகிகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவைப்பது வழக்கம்.

இறங்கும்போது

காசியைச் சுற்றி ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள். வாரணாசி சந்திப்பு வேறு, முன்பு மண்டுவாடி என்றிருந்த பனாரஸ் நிலையம் வேறு. கங்கைக்கு அக்கரையில், நகரத்திலிருந்து ஏறத்தாழ 17 கிலோமீற்றரில் இருப்பது தீனதயாள் உபாத்யாய சந்திப்பு, பழைய முகல்சராய். சீட்டில் எது எழுதியிருக்கிறதோ அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிப் பெரியவர்கள் கையிலும் கொடுத்து வையுங்கள். மூடுபனியில் நிலையப் பெயர்ப்பலகை யன்னலால் தெரியாது, தாமதமான ரயிலில் அட்டவணை நேரத்தை வைத்தும் ஊரைக் கணிக்க முடியாது. கைத்தொலைபேசி வரைபடத்தில் நீலப்புள்ளி எங்கே நகர்கிறது என்று பார்த்து, இருபது நிமிடம் முன்பே பொதிகளைக் கதவடிக்குக் கொண்டுபோங்கள்.

இரவு மூன்று நாலு மணிக்கு இறங்க நேர்ந்தால் உடனே வெளியே போக வேண்டாம். காத்திருப்பு அறையில் இருந்து, வெளிச்சம் வந்தபிறகு வாகனம் பிடியுங்கள். தங்குமிடத்துக்கு முதல் நாளே அழைத்து, ரயில் பிந்துகிறது, இந்த நேரமளவில் வருவோம் என்று சொல்லிவிட வேண்டும். குமரகுருபரர் நிறுவிய மடம் இருக்கிற கேதார கட்டத்துப் பக்கமானாலும், தமிழர் நெருங்கி வாழும் அனுமன் கட்டத்துப் பக்கமானாலும் கடைசித் துண்டு ஒடுங்கிய சந்து, வாகனம் போகாது. நடக்கும்போது குரங்குத் தொப்பியைக் கழற்ற வேண்டாம். ஆற்றங்கரைக் காற்று நிலையத்தில் இருந்ததைவிடக் குளிர்ந்திருக்கும்.